கப்பல் கணக்கரும் இறகுப் பூச்சியும்

மழை விட்ட ஒரு சாயங்காலம். வீட்டுச் சுவரில், டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சியா, துரும்பா என்றே முதலில் தெரியவில்லை. நூல் மாதிரி ஒல்லியான உடம்பு. இரண்டு பக்கமும் ஈர்க்குச்சி மாதிரி நீட்டிய இறக்கை. ஆங்கில எழுத்து 'டி'யை யாரோ பென்சிலால் சுவரில் வரைந்து வைத்தது போல இருக்கிறது. ஊதிப் பார்த்தால் பறந்து போய், இன்னோர் இடத்தில் மறுபடியும் ஒரு 'டி' போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

குழந்தைகளே, இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோவைப் பக்கம் அவரைப் பந்தலோ துவரைச் செடியோ உள்ள வீடு என்றால் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். இதற்கு இறகுப் பூச்சி என்று பெயர். இது ஓர் அந்துப்பூச்சி. இறக்கையை விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். பெரும்பாலான இறகுப் பூச்சிகளுக்கு முன் இறக்கை இரண்டாகவும் பின் இறக்கை மூன்றாகவும் பிளந்திருக்கும். ஒவ்வொரு பிளவின் ஓரத்திலும் மெல்லிய மயிர் வரிசை. அப்படியே பறவை இறகுதான்! உட்காரும்போது எல்லாவற்றையும் குடை மடக்குவது போலச் சுருட்டி வைத்துக்கொள்ளும்.

விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதான இந்தப் பூச்சியின் பின்னாலேயே அலைந்த ஒருவர், கப்பலில் இருந்து இறங்கி நம் கோயம்புத்தூருக்கு வந்து வேலை பார்த்தார். தாமஸ் பெயின்பிரிக் ஃப்ளெட்சர் என்பது அவர் பெயர்.

ஃப்ளெட்சர் 1878-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். கடற்படை என்றதும் பீரங்கி, சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பார்த்தது பேமாஸ்டர் வேலை. மாலுமிகளுக்குச் சம்பளம் எவ்வளவு, சரக்கு அறையில் சாமான் எவ்வளவு என்று பேரேட்டில் எழுதி வைக்கும் கணக்கர் வேலை. பூச்சியியல் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகள் மீது அவருக்குத் தீராத ஆசை. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் வலையை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கிவிடுவார்.

கணக்கு எழுதும் கைக்கும் பூச்சி சேர்க்கும் கைக்கும் நல்ல பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் தேதி தவறக் கூடாது, இடம் தவறக் கூடாது, ஒன்றை இன்னொன்றோடு கலக்கக் கூடாது!

1905-ல் அவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. 'சீலார்க்' என்ற அளவைக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் ஆராய்ச்சிப் பயணம் கிளம்பியது. ஸ்டான்லி கார்டினர் என்ற விலங்கியல் அறிஞர்தான் தலைவர். இலங்கையில் இருந்து சாகோஸ் தீவுகள், மொரீஷியஸ், அமிராண்டிஸ், செஷல்ஸ் என்று நீண்ட பயணம். கப்பலில் இருந்தவர்கள் கடலின் ஆழம் அளந்தார்கள்; பவளங்களை ஆராய்ந்தார்கள். ஃப்ளெட்சர் தீவுகளில் அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் சேகரித்தார்.

அங்கேதான் அவர் மனதில் ஒரு கேள்வி. இந்தத் தீவுகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான மைல் வெறும் தண்ணீர். சாகோஸ் போன்றவை பவளம் வளர்ந்து உண்டான மணல் திட்டுகள். அவை எந்தக் கரையோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. அப்படியானால் அங்கே உள்ள ஒவ்வொரு பூச்சியும் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா? எப்படி வந்தது? தானே பறந்து வந்ததா? காற்று அள்ளிக்கொண்டு வந்ததா? கப்பல் விளக்கைப் பார்த்து ஏறிக்கொண்டு, அடுத்த துறைமுகத்தில் இறங்கியதா? தோட்டம் போட வந்தவர்கள் கொண்டுவந்த செடியில் முட்டையாக ஒட்டிக்கொண்டு வந்ததா?

இப்படி ஓர் உயிர் எந்தெந்த இடத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று பார்ப்பதைப் 'பரவல்' என்று அறிவியலில் சொல்வார்கள். தான் சேகரித்த பூச்சிகளின் பரவலைப் பற்றியும், அவை தீவு விட்டுத் தீவு போகும் வழிகளைப் பற்றியும் ஃப்ளெட்சர் 1910-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். செஷல்ஸின் பெரிய தீவுகள் பவளத் திட்டுகள் அல்ல. அவை கருங்கல் தீவுகள். சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அவை நம் இந்தியாவோடு ஒட்டியிருந்தவை! அங்கே உள்ள உயிர்கள் சிலவற்றின் முன்னோர் கடலைத் தாண்டவே இல்லை; அவை நின்ற நிலமேதான் நகர்ந்து போனது. ஆனால் கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை வெகனர் என்ற ஜெர்மானியர் வெளியிட்டதே 1912-ல்தான். அதை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. பாவம், ஃப்ளெட்சர் கேட்ட கேள்விக்குப் பாதி விடை அவர் காலத்தில் யார் கையிலும் இல்லை.

அதே 1910-ல் அவர் இன்னொரு வேலையும் செய்தார். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

உங்கள் வகுப்பில் இரண்டு செந்தில் இருந்தால் டீச்சர் எப்படிக் கூப்பிடுவார்? இனிஷியல் சேர்த்துத்தானே? உயிர்களுக்கும் அறிவியல் பெயர் இரண்டு சொல்லாக இருக்கும். முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் அந்த இனத்துக்கே உரியது. நெருங்கிய உறவுள்ள இனங்கள் எல்லாம் ஒரே பேரினப் பெயரின் கீழ் வரும். ஆகவே பேரினத்தைத் தப்பாக வைத்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளையை நம் வீட்டு ரேஷன் கார்டில் சேர்த்த கதையாகிவிடும்.

பார்க்க ஒரே மாதிரி இருப்பதை நம்பவும் முடியாது. நொய்யல் தொடங்கும் மலையோடைகளில் கல்லைப் புரட்டினால், மணல் துகள்களைப் பட்டு நூலால் ஒட்டிக் குழாய் வீடு கட்டிக்கொண்டு ஒரு புழு வாழும். அது வளர்ந்து பறக்கும்போது அசல் அந்துப்பூச்சி போலவே இருக்கும். அதன் பெயர் காடிஸ் பூச்சி. அந்துப்பூச்சி இறக்கையைத் தொட்டால் கையில் பொடி ஒட்டும், அது செதில். காடிஸ் பூச்சி இறக்கையில் மயிர்தான் இருக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம். ஆனாலும் வேறு வேறு வரிசை. இறகுப் பூச்சியிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. ஒவ்வோர் இறக்கையும் ஆறாகப் பிளந்த பல இறகுப் பூச்சி என்று ஒன்று இருக்கிறது. இறகுப் பூச்சிக்குத் தம்பி போலத் தெரியும். ஆனால் அது வேறு குடும்பம்.

ஃப்ளெட்சர் எடுத்துக்கொண்டது 'டியூட்டரோகோபஸ்' என்ற பேரினம். 1852-ல் ஜெல்லர் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், ஜாவாத் தீவில் இருந்து கிடைத்த ஓர் இறகுப் பூச்சியை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல பேர் பல பூச்சிகளை இந்தப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். எது உண்மையில் தனி இனம், எது பழையதற்கே புதுப் பெயர், எது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை? கப்பல் சரக்கைச் சரிபார்ப்பது போல ஃப்ளெட்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறக்கை எவ்வளவு ஆழம் பிளந்திருக்கிறது, ஓரத்தில் செதில் திட்டு எங்கே இருக்கிறது, காலில் பட்டை எப்படி என்று பார்த்துப் பிரித்து, புதிய இனங்களுக்குப் பெயரும் வைத்து, லண்டன் பூச்சியியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார்.

இன்று இந்தப் பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் தெரியும். தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று வெப்ப நாடுகளில் இருக்கின்றன. இவற்றின் புழுக்கள் பெரும்பாலும் திராட்சைக் குடும்பத்துக் கொடிகளைத் தின்பவை. நம் வேலியில் படரும் பிரண்டையும் திராட்சைக் குடும்பம்தான், தெரியுமா?

இங்கே ஒரு புதிர். ஐரோப்பா முழுக்கத் திராட்சைத் தோட்டம். அமெரிக்கக் காடுகளில் காட்டுத் திராட்சை எக்கச்சக்கம். ஆனால் இரண்டு இடத்திலும் டியூட்டரோகோபஸ் கிடையாது! சாப்பாடு இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. வந்து சேர வழி வேண்டும், குளிர் தாங்க வேண்டும், வேறு ஆள் அந்த இடத்தைப் பிடித்திருக்கக் கூடாது. தென் அமெரிக்காவில் இதற்கு ஒன்றுவிட்ட உறவு ஒன்று உண்டு. அது தனிப் பேரினம் என்று கண்டு, 'லெப்டோடியூட்டரோகோபஸ்' என்று பெயர் வைத்தவரும் ஃப்ளெட்சர்தான். 'லெப்டோ' என்றால் கிரேக்க மொழியில் ஒல்லி. ஒல்லி டியூட்டரோகோபஸ்!

இப்படிப் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அவரைக் கப்பலில் இருந்தே இறக்கிவிட்டது. அந்தக் காலத்தில் பீகாரில் பூசா என்ற ஊரில் இந்தியாவின் பெரிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே அரசுப் பூச்சியியல் துறைக்கு மேக்ஸ்வெல் லெஃப்ராய் என்பவர் தலைவர். ஃப்ளெட்சர் கடற்படையை விட்டு இந்தத் துறைக்கு வந்தார். பிறகு சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார்.

கோவை லாலி ரோட்டில் வேளாண்மைக் கல்லூரி அப்போது புத்தம் புதியது. சென்னை சைதாப்பேட்டையில் இருந்த கல்லூரி 1906-ல்தான் கோவைக்கு மாறி வந்திருந்தது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக இருப்பது அதே இடம்தான். அந்தக் காலத்துச் சென்னை மாகாணம் ஒரிசா எல்லையில் இருந்து திருநெல்வேலி வரை நீண்டது. அத்தனைக்கும் சேர்த்துப் பூச்சி பார்க்க ஒரு சின்ன அலுவலகம்! அங்கே நல்ல திறமைசாலிகள் இருந்தார்கள். ராமகிருஷ்ண ஐயர் அவர்களில் ஒருவர். ராமச்சந்திர ராவ் இன்னொருவர்; இவர் பிற்காலத்தில் பாலைவன வெட்டுக்கிளி ஆராய்ச்சியில் பெரும் பெயர் எடுத்தார்.

கொங்கு நாட்டில் காடு என்றால் யானை திரியும் காடு என்று மட்டும் நினைக்கக் கூடாது. வானம் பார்த்த மேட்டு நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். கிணறு இருந்து கவலை ஏற்றம் இறைத்தால் அது தோட்டம். காட்டில் சோளம், கம்பு, பருத்தி, நடுநடுவே துவரை. துவரை காய்க்கும்போது விவசாயிக்கு வயிற்றில் புளி கரையும். ஏனென்றால் காயில் புழு விழும்.

காய்ப்புழு என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்திருப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் பெரிய பச்சைப் புழு. காயில் வட்ட ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, பாதி உடம்பை வெளியே தொங்கப் போட்டுத் தின்பார். இரண்டாமவர் ஓர் ஈயின் புழு. காய்க்கு உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்வார். காயை வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உரித்தால் பருப்பு போயிருக்கும். மூன்றாமவர்தான் நம் இறகுப் பூச்சியின் புழு. சின்னது, உடம்பெல்லாம் முள்முள்ளாக மயிர். காயின் மேலேயே இருந்து சுரண்டித் துளைக்கும். கூட்டுப்புழு ஆகும்போதும் காயின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். புழுவா, கூட்டுப்புழுவா என்று சட்டென்று சொல்ல முடியாது, அப்படி ஒரு வேஷம்!

மூன்றும் மூன்று வாழ்க்கை. செடியை உலுக்கினால் பச்சைப் புழு விழும். ஈயின் புழு விழாது. விளக்கு வைத்தால் அந்துப்பூச்சி வந்து மாட்டும், ஈ வராது. யார் திருடன் என்று தெரியாமல் பொறி வைத்து என்ன லாபம்? டியூட்டரோகோபஸின் இறக்கைப் பிளவை அளந்த கண்ணுக்கு இங்கே வேலை வந்தது. புழுவைப் பிடித்து ஜாடியில் போட்டு, தினமும் இலை கொடுத்து, அது கூடு கட்டி, பூச்சியாக வெளியே வரும்வரை காத்திருந்து, வந்ததைப் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும். எந்தப் புழு எந்தப் பூச்சி என்று அறிய வேறு குறுக்கு வழி அன்றைக்கு இல்லை.

பெயர் தெரியாத பொடிப் பூச்சிகள் எத்தனையோ. அவை பெட்டிகளில் பத்திரமாக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறின. அங்கே மார்ல்பரோ என்ற ஊர்ப் பள்ளியில் எட்வர்ட் மெய்ரிக் என்று ஓர் ஆசிரியர். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பொடி அந்துப்பூச்சிகளுக்குப் பெயர் வைப்பதுதான் அவர் வேலை. வாழ்நாளில் ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர்! அவருடைய நூலைப் புரட்டினால் பூச்சி கிடைத்த இடம் என்ற குறிப்பில் கோயம்புத்தூர், கோயம்புத்தூர் என்று வந்துகொண்டே இருக்கும்.

1912-ல் லெஃப்ராய் இங்கிலாந்து திரும்பினார். (அவர் 1925-ல் பூச்சி மருந்து வாயுவைச் சோதித்தபோது அதையே சுவாசித்து இறந்துபோனார் என்பது வருத்தமான செய்தி.) அவர் இடத்துக்கு ஃப்ளெட்சர் வந்தார். கோவையை விட்டுப் பூசாவுக்குப் போனார். ஆனால் கோவையில் சேர்த்த அறிவையெல்லாம் ஒரு புத்தகமாக்கிவிட்டார். தென்னிந்தியப் பூச்சிகள் சிலவற்றைப் பற்றிய அந்தப் புத்தகம் 1914-ல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. ஐந்நூறு பக்கத்துக்கும் மேல். பக்கத்துக்குப் பக்கம் படங்கள். நெல்லுக்கு எது, கரும்புக்கு எது, பருத்திக்கு எது, துவரைக்கு எது என்று விவரமாகச் சொன்ன நூல். ஒரே ஒரு குறை. அது ஆங்கிலத்தில் இருந்தது. துவரைக் காட்டுக்காரர் அதை வாங்கிப் படிக்க வழியில்லை.

பூசாவில் அவர் செய்த முக்கியமான காரியம், ஆட்களை ஒன்று கூட்டியது. அதுவரை பூச்சி ஆராய்ந்தவர்கள் ஊருக்கு ஒருவராகத் தனித்தனியே இருந்தார்கள். கோவைக்காரர் கண்டது பஞ்சாபில் இருப்பவருக்குத் தெரியாது. 1915-ல் தொடங்கி அவர்கள் எல்லாரையும் பூசாவுக்கு வரவழைத்துக் கூட்டங்கள் நடத்தினார். பேசியதையெல்லாம் அச்சிட்டார். கோவையில் இருந்து போனவர்களின் கட்டுரைகளும் அதில் உண்டு. இந்தியாவின் பொடி அந்துப்பூச்சிகள் எப்படி வளர்கின்றன என்று 1920-ல் தனி நூல் எழுதினார். இங்கிலிஸ் என்ற நண்பரோடு சேர்ந்து, தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் பற்றிக்கூட ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்!

1929-ல் வந்த அவருடைய இன்னொரு நூலைக் கையில் எடுத்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். கதை இல்லை, படம் இல்லை. பொடி அந்துப்பூச்சிகளுக்கு உலகத்தில் யார் யார் எந்தெந்தப் பேரினப் பெயர் வைத்தார்கள் என்று இருநூறு பக்கத்துக்கும் மேல் வெறும் பட்டியல். ஆனால் அதுதான் பழைய கப்பல் கணக்கரின் அசல் வேலை. அறிவியலில், முதலில் வைத்த பெயருக்கே உரிமை. ஒரே பெயரை இரண்டு குடும்பத்துக்கு வைக்கக் கூடாது. ஆனால் நடந்தது என்ன? 'அலூசிட்டா' என்ற பெயரைச் சிலர் இறகுப் பூச்சிக்கு வைத்தார்கள். வேறு சிலர் பல இறகுப் பூச்சிக்கு வைத்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தால் எந்தப் பூச்சி என்றே புரியாது! துவரைப் பச்சைப் புழுவும் ஃப்ளெட்சர் காலத்தில் ஹீலியோதிஸ், இன்று ஹெலிகோவெர்ப்பா. இந்தச் சிக்கை அவிழ்க்க ஒருவர் உட்கார்ந்து பேரேடு எழுதத்தானே வேண்டும்?

1932-ல் ஃப்ளெட்சர் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1934-ல் பீகாரில் வந்த பெரும் பூகம்பத்தில் பூசா நிலையம் இடிந்தது. 1936-ல் அது டெல்லிக்கு மாறியது. அவர் வகித்த பதவிக்கு 1934-ல் வந்தவர் ஹேம் சிங் புரூத்தி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். கோவையில் ராமகிருஷ்ண ஐயர் 1940-ல் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளுக்கு ஒரு கைநூல் எழுதினார். மாணவர்கள் பல தலைமுறை அதை வைத்துப் படித்தார்கள். ஃப்ளெட்சர் 1950-ல் தம் ஊரில் காலமானார்.

அவர் பெயர் வைத்த இறகுப் பூச்சிகளின் மூலப் பூச்சிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பூச்சி இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்தப் பூச்சியைப் பார்த்து வைத்தார்களோ, அதுதான் மூலப் பூச்சி. சந்தேகம் வந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும். கோவையில் பிடித்த ஒரு பூச்சியைச் சரிபார்க்கக் கோவை மாணவர் லண்டனுக்கு எழுத வேண்டியிருந்த காலம் வெகு நாள் நீடித்தது. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இப்போது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலேயே பூச்சிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2018-ல் திறந்தார்கள். லாலி ரோடு பக்கம் போனால் அப்பா அம்மாவோடு பார்த்துவிட்டு வாருங்கள்.

சுவரில் 'டி' எழுத்து உட்கார்ந்தால் அடிக்க வேண்டாம். இறக்கையை எப்படி மடக்கியிருக்கிறது என்று பார்த்து ஒரு நோட்டில் வரையுங்கள். கீழே தேதி எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் அவரை இருக்கிறதா, துவரை இருக்கிறதா, பிரண்டை இருக்கிறதா? அதையும் எழுதிவிடுங்கள்.